பிழையை விழுங்கிய வரி

அத்தியாயம் 6

கம்ப்யூட்டர் திரையில் ஹஸ்ஸான் ஒரு சாம்பல் நிறப் புள்ளியாக இருந்தான்.

மற்ற ஆட்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகள். பைப்லைன், பம்ப் ஷெட், மைன்ஸ் ரோடு என்று வரைபடம் முழுக்க எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஹஸ்ஸான் மட்டும் ஒரு பஸ் நிழற்குடையின் மேல் அசையாமல் நின்றான். முந்தாநாள் மதியத்திலிருந்து அப்படித்தான்.

"நீங்களே பாருங்கம்மா," என்றார் சிங்காரவேல். நிலக்கரி மைன்ஸிலிருந்து இறைக்கும் தண்ணீர் போகிற குழாய்களைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட் கம்பெனிக்கு அவர் சைட் இன்சார்ஜ். "பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கார். டேக்கை ஆஃப் பண்ணியிருக்கார். வடலூர் பஸ் ஏறியிருக்கார். இதுக்கு மேல கம்பெனி என்ன செய்ய முடியும்?"

டேக் என்பது இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவு கருவி. தனியாக வேலை பார்க்கும் ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்லும். நடுவில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். ஆபத்து என்றால் அதை அழுத்த வேண்டும்.

ஹஸ்ஸானின் மனைவி சபீஹாவுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிவிட்டாள். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டிலும் கேட்டாயிற்று. ஸ்டேஷனில் அந்த ஏட்டு கேட்ட ஒரே கேள்வி, "வீட்ல எதுனா சண்டையாம்மா?"

சண்டைதான். அன்றைக்குக் காலையில் டிபன் பாக்ஸை அவன் கையில் திணித்து, "போனா திரும்பி வராதீங்க" என்று சொன்னது அவள்தான். அதை ஏட்டிடமும் மறைக்காமல் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை இரண்டு பேர். ஒருவர் கருணாகரன். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கேஸ்களைத் துருவியவர், இப்போது மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். இன்னொருத்தி அவருடைய உதவியாளர் செவ்வந்தி. கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் முடித்தவள். வாயை மூடத் தெரியாதவள்.

கருணாகரன் புள்ளியைப் பார்க்கவே இல்லை. திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மூலையில பிழைகள் பூஜ்யம்னு போட்டிருக்கே, என்ன அது?"

கேட்டது அருண்பிரசாத்திடம். கம்பெனிக்கு இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த பையன். நல்ல சட்டை, தூக்கமில்லாத கண்.

"எரர் கணக்கு சார். சிஸ்டம்ல இன்னிக்கு எவ்வளவு தப்பு வந்துச்சுன்னு."

"நேத்து?"

"பூஜ்யம்."

"போன மாசம்?"

"ஆறு மாசமா பூஜ்யம்தான்," என்றார் சிங்காரவேல், பெருமையாக.

"எங்க வீட்டு மிக்ஸியே வாரத்துக்கு ஒருதரம் மக்கர் பண்ணுது," என்றாள் செவ்வந்தி. "இதை எழுதினவருக்குக் கோயில் கட்டணும்."

சபீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் மச்சானைத் தேடச் சொன்னா இங்க உட்கார்ந்து ஜோக்கடிக்கறீங்களா?"

செவ்வந்தி வாயை மூடினாள். கருணாகரன் திரும்பினார். "அம்மா, ஒரே ஒரு நிமிஷம். நான் இன்ஷூரன்ஸ்ல இருந்தப்ப, எந்தக் கேள்விக்கும் தடுமாறாத சாட்சியைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். மழை, வெயில், சகதி, இத்தனை ஆளு. ஆறு மாசமா ஒரு தடவைகூட இந்த மெஷின் தடுமாறலன்னா, அது ஒழுங்கா இருக்குன்னு அர்த்தமில்ல. எதையோ முழுங்குதுன்னு அர்த்தம்."

அருண்பிரசாத் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி. ஒரு ஆளு வால்வு சேம்பருக்குள்ள, அதான் அந்தக் குழிக்குள்ள இறங்குறான். அப்ப இந்தத் திரை என்ன காட்டும்?"

"கொஞ்ச நேரம் பழைய இடத்துலயே..." பையன் திரையில் சாம்பல் புள்ளியைத் தொட்டுக் காட்டினான். "வானம் தெரியலன்னா சாட்டிலைட் கிடைக்காது சார். செய்தி வரும், ஆனா இடம்ங்கிற கட்டம் மட்டும் காலியா வரும்."

"காலியா வந்தா?"

அருண்பிரசாத்தின் கண் சிங்காரவேல் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. ஒரு நொடிதான். சபீஹாவுக்கு அது போதுமாக இருந்தது. பாய்ந்து போய் சிங்காரவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"அழிச்சிட்டீங்க! அவருக்கு என்னவோ ஆயிடுச்சி, வெளிய தெரியாம அழிச்சிட்டீங்க!"

"ஐயையோ, விடும்மா! நான் ஏன்மா அழிக்கப்போறேன்? எனக்கு இதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது!"

"அவர் சொல்றது நிஜம் அக்கா." குரல் செவ்வந்தியுடையது. அதற்குள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்திருந்தாள். திரையில் வரைபடம் போய் வரி வரியாக எழுத்து வந்திருந்தது. "யாரும் எதையும் அழிக்கல. அழிக்கிறதுக்கு முதல்ல பார்த்திருக்கணும். இங்க யாரும் பார்க்கவே இல்ல."

"புரியற மாதிரி சொல்லு," என்றார் கருணாகரன்.

"பைதான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதியிருக்காரு. ஒவ்வொரு டேக்கும் அனுப்புற செய்தியை இது ஒண்ணொண்ணா எடுத்துப் படிக்குது. இந்த இடத்துல ட்ரைன்னு இருக்கு பாருங்க. செஞ்சு பாரு, வழியில தப்பு வந்தா கீழ சொல்லியிருக்கிறபடி செய்னு அர்த்தம். கீழ எக்செப்ட். தப்பு வந்தா என்ன செய்யணும்னு சொல்ற இடம். யாருக்காவது போன் பண்ணு, எழுதி வை, கத்து, என்ன வேணா சொல்லலாம்." விரல் ஒற்றை வார்த்தையில் நின்றது. "இவர் சொல்லியிருக்கறது பாஸ். அதாவது, ஒண்ணும் செய்யாதே, அடுத்த செய்தியைப் பாரு. எண்ணக்கூட வேணாம். அதான் பூஜ்யம்."

அருண்பிரசாத் தலை குனிந்தான். "முதல்ல அலாரம் வெச்சிருந்தேங்க. இடம் காலியா வந்தாலே சார் போனுக்கு அடிக்கும். ஆளுங்க குழியில இறங்கும்போதெல்லாம் அடிச்சுது..."

"தூங்க விடல, சாப்பிட விடல," என்றார் சிங்காரவேல், கசங்கிய சட்டையை நீவியபடி. "நிஜ ஆபத்து ஒண்ணு இல்ல. சத்தம் வராமப் பண்ணுடான்னேன். தப்பா?"

"நாய் வாயைக் கட்டிப்போட்டுட்டு, ஆறு மாசமா திருடனே வரலன்னு சொல்றீங்க," என்றாள் செவ்வந்தி.

இந்த முறை சபீஹா அவளைக் கோபிக்கவில்லை.

"வந்த செய்தியெல்லாம் எங்க?" என்று கேட்டார் கருணாகரன்.

"சர்வர்ல அப்படியே கிடக்கும் சார். ஒரு வாரம் கழிச்சுதான் போகும்."

"செவ்வந்தி, அந்தக் கட்டை அவிழ்த்து விடு."

அவள் ட்ரை, எக்செப்ட், பாஸ் என்ற மூன்று வரிகளையும் அழித்தாள். முந்தாநாளிலிருந்து வந்த செய்திகளை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். ஒரு மூச்சு விடுகிற நேரம். திரை நின்றது. அது முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது. சபீஹா பின்வாங்கிச் சுவரில் மோதிக்கொண்டாள்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. இப்பதான் உண்மை பேசுது." செவ்வந்தி கடைசி வரியைப் படித்தாள். "வேல்யூ எரர். எண்ணா மாத்தச் சொன்னீங்க, ஆனா கையில கொடுத்தது வெறும் காலி, என்னால முடியலங்குது. சரி, முடியலன்னா நிக்காதே. எந்தச் செய்தியில இடறினியோ அதை எனக்குக் காட்டிட்டு மேல போ."

ட்ரையையும் எக்செப்டையும் திரும்ப எழுதினாள். இந்த முறை பாஸ் இல்லை. மறுபடி ஓடவிட்டாள்.

வரிகள் இறங்கின. நிறைய டேக்குகள் ஒன்றிரண்டு முறை வந்து போயின. குழிக்குள் இறங்கி ஏறியவர்கள். முப்பத்தொன்று என்ற எண் மட்டும் விடாமல் வந்தது. நிற்கவே இல்லை.

"முப்பத்தொண்ணு யாரு?"

"ஹஸ்ஸான்," என்றான் அருண்பிரசாத்.

"அப்ப ஆஃப் பண்ணல," என்றார் கருணாகரன். "நேரத்துக்குப் பக்கத்துல இடம் காலி. அடுத்தது பேட்டரி. கடைசிக் கட்டத்துல சில வரியில பூஜ்யம், சில வரியில ஒண்ணு. அது என்ன தம்பி?"

பையன் திரையைப் பார்த்தான்.

"சிவப்பு பட்டன் சார்."

ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

சபீஹா திரையில் கை வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. இவள் வடலூரில் பரோட்டாக் கடைக்காரனிடம் போட்டோவை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்று. ஏட்டு பேனாவை மூடிய நேரத்தில் ஒன்று. கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். யார் காதிலும் விழவில்லை.

"பட்டனை அழுத்துனா போன் அடிக்கணும்ல?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அடிக்கிற வரி இருக்குக்கா. ஆனா இடத்தைப் படிக்கிற வரிக்குக் கீழ இருக்கு. ரெண்டும் ஒரே ட்ரைக்குள்ள. இடம் காலின்னு அங்கயே இடறி விழுந்துட்டா, பட்டன் வரைக்கும் போறதே இல்ல."

சிங்காரவேல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கருணாகரன் யாரையும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "பேட்டரி நாலு சதவீதம். குழிக்குள்ள இருக்கார். எந்தக் குழி? இங்க எத்தனை சேம்பர் இருக்கு?"

"நூத்துக்கு மேல சார். அன்னிக்கு லைன் பூராவும் வால்வு பார்க்கச் சொல்லி அனுப்பினோம். கடைசியா இடம் கிடைச்சது அந்த பஸ் ஷெல்ட்டர். அதுக்கப்புறம் எவ்வளவு தூரம் நடந்தாரோ தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் மேல கான்கிரீட் சிலாப்பு மூடியிருக்கு, நாலு ஆள் தூக்கணும்," என்றார் சிங்காரவேல்.

"சார், ஒரு விஷயம்." செவ்வந்தி ஒன்று வந்த வரிகளை மட்டும் பிரித்து எடுத்திருந்தாள். "பட்டனைக் கண்ட நேரத்துல அழுத்தல. கொத்துக் கொத்தா வருது. விடிகாலை ஒரு கொத்து, மதியம் ஒரு கொத்து, ராத்திரி ஒரு கொத்து. டாக்டர் மூணு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்த மாதிரி."

"நடுவுல மயங்கிடறாரோ?" என்றான் அருண்பிரசாத்.

சபீஹா அந்த நேரங்களைப் பார்த்தாள். ஆறு மணியை ஒட்டி. ரெண்டு மணியை ஒட்டி. பத்து மணியை ஒட்டி. கல்யாணமானதிலிருந்து அவள் அடுப்பு எரிவதும் அணைவதும் இந்த மூன்று நேரத்தைப் பார்த்துத்தான்.

"ஷிஃப்ட்," என்றாள். "ஷிஃப்ட் மாறுற நேரம்."

கருணாகரன் எழுந்தே விட்டார். "அப்பதான் ஷிஃப்ட் பஸ் வருது. ஆளுங்க இறங்குறாங்க, நடக்கிறாங்க. தலைக்கு மேல காலடிச் சத்தம் கேட்கும்போது மட்டும் அழுத்துறார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் மனுஷன்! ஆளுங்க கூட்டமா இறங்கி நடக்கிற இடம் எது?"

"அந்த ஷெல்ட்டர்தான்," என்றார் சிங்காரவேல், செத்த குரலில்.

புள்ளி பொய் சொல்லவில்லை. ஹஸ்ஸான் எங்கும் போகவில்லை. அவன் பஸ் ஏறிய இடம் என்று எல்லோரும் கை காட்டிய இடத்துக்கு அடியிலேயே கிடக்கிறான்.

"கடைசியா எப்ப அழுத்தினார்?" என்று கேட்டாள் சபீஹா.

செவ்வந்தி தயங்கினாள். "இன்னிக்குக் காலையில. ஒரே ஒரு தடவை."

---

ஜீப் பறந்தது. பின் சீட்டில் அருண்பிரசாத்தின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, செவ்வந்தி தட்டிக்கொண்டே வந்தாள். பட்டனைப் பார்க்கிற வரியை முதலில் வைத்தாள். இடத்தைப் படிப்பதற்குத் தனி ட்ரை. இடம் காலியாக இருந்தால், இடம் தெரியவில்லை என்று சொல், ஆனால் போனை அடி.

"யார் போனுக்கு அடிக்கும்?"

"சார் போனுக்கு," என்றான் பையன்.

செவ்வந்தி முன் சீட்டுக்குக் கை நீட்டினாள். சிங்காரவேல் போனைக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு அவள் பல்லைக் கடித்தாள். "இதுலயும் சைலன்ட்." சத்தத்தை முழுசாக ஏற்றினாள்.

இடம் வந்தது. ரோட்டை ஒட்டி வாய்க்கால். மைன்ஸ் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. குழிக்குள்ளிருந்து கத்தினால் எப்படிக் கேட்கும்? நிழற்குடைக்கு முன்னும் பின்னும் வரிசையாக சிலாப்கள். எல்லாம் ஒரே சாம்பல், ஒரே புழுதி.

சபீஹா முதல் சிலாப்பில் குப்புற விழுந்து காதை வைத்தாள். "மச்சான்!" வாய்க்கால்தான் பதில் சொன்னது.

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கினால் சாயங்காலம் ஆகும். கருணாகரன் ரோட்டைப் பார்த்தார். மதிய ஷிஃப்ட் பஸ் வந்துகொண்டிருந்தது. நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார்.

பிரேக் கிறீச்சிட்டது. "யோவ், சாவணும்னா மைன்ஸ்ல போய் குதியா!" என்றார் டிரைவர்.

"ஒருத்தர் உயிர் கீழ இருக்கு. எல்லாரும் இறங்குங்க. நான் காட்டுற சிலாப்பு மேல ஏறி ஓங்கி மிதிங்க. காரணம் அப்புறம் சொல்றேன்."

தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுத் தூக்குமாக இறங்கினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிலாப்பின் மேல் கிடந்த பெண்ணைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

முதல் சிலாப். பூட்ஸ் கால்கள் இடித்தன. நிறுத்தினார்கள். செவ்வந்தியின் கையில் போன். எல்லாக் கண்ணும் அதன் மேல்.

ஒன்றுமில்லை.

இரண்டாவது. மிதித்தார்கள். காத்திருந்தார்கள். ஒன்றுமில்லை.

மூன்றாவது. ஒன்றுமில்லை. சபீஹா மண்ணை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். காலையில் ஒரே ஒரு தடவை. அதுதான் கடைசியோ? "யா அல்லா, நான் சொன்னதை நிஜமாக்கிடாதே. கோபத்துல சொன்னேன். நிஜமாக்கிடாதே."

நான்காவதில் ஏறினார்கள். ஒரு மிதிதான் மிதித்திருப்பார்கள்.

போன் அலறியது.

"இதுதான்!" என்று கத்தினார் சிங்காரவேல். ஜீப்பிலிருந்து எடுத்த கடப்பாரைகள் நான்காவது சிலாப்பின் இடுக்கில் பாய்ந்தன.

"அது இல்லீங்க!"

கூட்டத்தில் ஒரு ஆள். பெயர் பாவாடை, வேறொரு காண்ட்ராக்டில் வாய்க்கால் தூர்வாருகிறவர். அவர் கையிலிருந்த தூக்கு கீழே விழுந்து உருண்டது. மூன்றாவது சிலாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுங்க. முந்தாநாளு ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வந்தப்ப இது தெறந்து கெடந்துச்சி. பகல் ஷிஃப்ட்டுக்காரனுங்க எப்பவும் தெறந்து போட்டுக்கினு வூட்டுக்குப் போயிடுவானுங்க. மாடு கீடு வுழுந்துடப் போவுதுன்னு நாங்கதான் நாலு பேரா இழுத்து மூடுனோம்." குரல் உடைந்தது. "உள்ள எட்டிப் பாக்கலீங்க. அப்புறமும் ஆளு வடலூர் பஸ் ஏறிட்டான்னு சொன்னாங்களா... தோணவே இல்லீங்க."

"சிக்னல் வந்து சேர நேரம் பிடிக்குது," என்றாள் செவ்வந்தி. "மூணாவதுல மிதிச்சதுக்கு இப்பதான் அடிச்சிருக்கு. மாத்துங்க! மாத்துங்க!"

சபீஹா அதற்குள் மூன்றாவது சிலாப்பின் விளிம்பில் விரல்களை நுழைத்திருந்தாள். நகம் பெயர்ந்தது தெரியவில்லை. யாரோ அவளைத் தோளைப் பிடித்து விலக்கினார்கள். கடப்பாரை இறங்கியது. முதல் ஆள் பாவாடை. கழுத்து நரம்பு புடைக்க நெம்பினார். "ஏய், தூக்குங்கடா! தூக்கு!" சிலாப் முனகியது. விரல் அளவு. ஒரு சாண் அளவு. பிறகு ஒரேயடியாகப் புரண்டு வாய்க்கால் ஓரத்தில் விழுந்தது.

ஈர மண் வாடையும் துரு வாடையும் மேலே வந்தன.

அடியில், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில், ஒரு கால் கோணலாக மடங்கிய உடல். இடுப்பு வரை கசிவுத் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் கண்கள் இறுக மூடிக்கொண்டன. உதடு வெடித்திருந்தது. தலையில் காய்ந்த ரத்தம். வலது கை மட்டும் இடுப்பில் இருந்தது. பெருவிரல் அசைந்தது. விட்டது. மறுபடி அசைந்தது.

செவ்வந்தியின் கையில் போன் இரண்டாம் முறை அலறியது.

"மச்சான்!" சபீஹா இறங்கப் போனாள். கருணாகரன் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆட்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். ஹஸ்ஸானின் தலை மெல்லத் திரும்பியது. கண் திறக்கவில்லை.

"சபீ... நான் போகல." அது பேச்சு இல்லை, மூச்சு. "எங்கயும் போகல."

"தெரியும். தெரியும் மச்சான். நான்தான் லேட்டா வந்தேன்."

அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருந்தது. தூக்குகிற கைகள் தன்னைத் தொட்ட பிறகும் அந்தப் பெருவிரல் நிற்கவில்லை. அழுத்தியது, அழுத்தியது. சற்று தாமதித்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் போன் அலறியது. வாய்க்கால் இரைச்சலையும் மீறி ரோடு முழுக்கக் கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சிங்காரவேல் நெருங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல், அணைப்பதற்காகப் போனை நோக்கிக் கையை நீட்டினார்.

சபீஹா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அடிக்கட்டும்," என்றாள்.